கோழியைப் பார்க்காதீர்கள், குழம்பைப் பாருங்கள்: உணவுக்கேற்ற ஒயினைத் தேர்ந்தெடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் சேவலைச் சிவப்பு ஒயினில் ஊறவைத்து, பன்றி இறைச்சித் துண்டும் காளானும் சின்ன வெங்காயமும் சேர்த்து நிதானமான தீயில் வேகவைப்பார்கள். ‘கொக் ஓ வான்’ என்று உலகம் முழுக்கப் பேர்பெற்ற பதார்த்தம் அது. அதனுடன் மேசைக்கு வருவதும் சிவப்பு ஒயின்தான். வடகிழக்கே ஜெர்மன் எல்லையை ஒட்டிய அல்சாஸுக்குப் போனால், அதே சேவல் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் வெந்து, கடைசியில் கிரீம் சேர்த்து இறக்கப்படும். அங்கே பக்கத்தில் வெள்ளை ஒயின் வைப்பார்கள். இறைச்சி ஒன்றுதான், குழம்பு மாறியதும் ஒயினும் மாறிவிட்டது.

மீனிலும் இதே கதைதான். ‘மீனுக்கு வெள்ளை, ஆட்டுக்கும் மாட்டுக்கும் சிவப்பு’ என்ற விதியைத்தான் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் போர்தோவில் லாம்ப்ரே என்னும் விலாங்கு போன்ற உயிரியைச் சிவப்பு ஒயினிலேயே சமைத்து, சிவப்பு ஒயினுடனேயே தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுவருகிறார்கள். விதி அவசரத்துக்குக் கைகொடுக்கும். அதை மட்டும் நம்பிக் கடைக்குப் போனால் பாதி நாள் தப்பான பாட்டிலோடு வீடு திரும்புவீர்கள். தட்டில் இருப்பது எதில் வெந்தது, அதில் புளிப்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, காரம் உண்டா, இனிப்பு உண்டா என்று பார்க்கப் பழகிவிட்டால் விதியே தேவைப்படாது.

பிரான்சுக்குப் புதிதாக வந்து, சூப்பர் மார்க்கெட்டில் சுவர் முழுக்க அடுக்கிய பாட்டில்களுக்கு முன்னால் திகைத்து நிற்கிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். அதனால் உதாரணங்களும் பெரும்பாலும் பிரெஞ்சு மேசையிலிருந்து வரும். குடிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. விருந்துக்கு அழைத்தவர் வீட்டுக்கு எதை வாங்கிப் போவது என்று தெரிந்துகொள்ளவும் இது உதவும்.

சிவப்பும் வெள்ளையும் எங்கே பிரிகின்றன

கறுப்புத் திராட்சையை நசுக்கினாலும் பெரும்பாலான வகைகளில் சாறு நிறமில்லாமல்தான் வரும். நிறம் தோலில் இருக்கிறது. தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்கவைத்தால் சிவப்பு ஒயின். முதலிலேயே பிழிந்து தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்கவைத்தால் வெள்ளை ஒயின். ஷாம்பேனில் சேரும் மூன்று முக்கியத் திராட்சைகளில் இரண்டு கறுப்பு என்பது பலருக்கும் தெரியாது. உலகின் மிகப் பிரபலமான சிவப்புத் திராட்சையான கபர்னே சோவின்யோனின் பெற்றோரில் ஒன்று வெள்ளைத் திராட்சை, சோவின்யோன் பிளான். இந்த உறவு 1997-ல் கலிஃபோர்னியாவில் நடந்த மரபணு ஆய்வில் வெளிப்பட்டது. ஆகவே நிறத்தைக் குணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தோலும் விதையும் நிறத்தோடு இன்னொன்றையும் தருகின்றன: டானின். நாக்கையும் ஈறையும் இறுகப் பிடித்து வறளவைக்கும் அந்தத் துவர்ப்பு இதனால் வருவதுதான். எச்சிலில் உள்ள புரதங்களோடு டானின் ஒட்டிக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. நேரம் கடந்து ஊறிப்போன தேநீரில் பால் ஊற்றியதும் துவர்ப்பு அடங்குகிறதே, சிவப்பு ஒயினுக்கும் கொழுத்த இறைச்சிக்கும் நடுவே நடப்பதும் ஏறக்குறைய அதுவே. வெள்ளை ஒயினில் டானின் மிகக் குறைவு. அங்கே முன்னால் நிற்பது புளிப்பு. மூன்றாவதாக, சில ஒயின்களில் புளிக்காமல் மிஞ்சிய சர்க்கரை இருக்கும். நான்காவது ஆல்கஹால், அது தொண்டையில் சூடாகத் தெரியும். துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு, சூடு: இந்த நான்கையும் வாயில் அடையாளம் காணத் தெரிந்தால் போதும். ‘காட்டுப் பழ வாசனை’, ‘தோல்பை வாசனை’ போன்ற வர்ணனைகளைப் புதிதாகப் பழகுகிறவர் தாராளமாக ஒதுக்கிவிடலாம். உணவோடு சேருமா சேராதா என்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு கிடையாது.

இரண்டு பாட்டில், ஒரு தட்டு

எத்தனை கட்டுரை படித்தாலும் ஒரு மாலை செய்து பார்ப்பதற்கு ஈடாகாது. நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்தால் செலவும் பகிர்ந்துவிடும், பாட்டிலும் வீணாகாது.

ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு வாங்குங்கள். வெள்ளைக்கு முஸ்காதே. நாந்த் நகரைச் சுற்றி விளையும் ஒயின் அது. சர்க்கரை இல்லாதது, புளிப்பு தூக்கலானது, விலையும் குறைவு. சிவப்புக்கு மெதொக் என்று லேபிளில் எழுதிய இளம் போர்தோ. அதில் பொதுவாகக் கபர்னே சோவின்யோன் கணிசமாக இருக்கும், துவர்ப்பு தெளிவாகத் தெரியும். ஒரு தட்டில் எலுமிச்சைத் துண்டு, கொஞ்சம் உப்பு, கோம்தே போன்ற கெட்டியான சீஸ், ஒரு கரண்டி தேன், டின் மத்தி மீன், நறுக்கிய பச்சை மிளகாய் இவற்றைத் தனித்தனியாக வையுங்கள். பக்கத்தில் வெறும் ரொட்டியும் தண்ணீரும் இருக்கட்டும்.

முதலில் எதுவும் சாப்பிடாமல் இரண்டையும் ஒவ்வொரு மிடறு பருகுங்கள். முஸ்காதே பல்லைக் கூசவைக்கும். மெதொக் கன்னத்தின் உட்புறத்தைப் பிடித்து இழுக்கும். இப்போது எலுமிச்சையைக் கடித்துவிட்டு முஸ்காதேயைப் பருகிப் பாருங்கள். சற்றுமுன் கூசவைத்த அதே ஒயின் சாதுவாகி, லேசாகப் பழச்சுவை காட்டும். உணவில் உள்ள புளிப்பு ஒயினின் புளிப்பை மறைத்துவிடுகிறது. உணவைவிடப் புளிப்புக் குறைந்த ஒயினாக இருந்திருந்தால் சப்பென்று ஆகியிருக்கும்.

வாயை ரொட்டியால் துடைத்துவிட்டு உப்பைத் தொட்டு நாக்கில் வைத்து மெதொக்கைப் பருகுங்கள். துவர்ப்பு ஒரு படி இறங்கியிருக்கும். சீஸோடு இன்னும் இறங்கும், ஏனென்றால் அங்கே உப்போடு கொழுப்பும் புரதமும் சேர்ந்திருக்கின்றன. அடுத்து தேன். ஒரு துளி தேனுக்குப் பிறகு இரண்டு ஒயினுமே கெட்டுப்போனதுபோல் தோன்றும்: வெள்ளை வெறும் புளிப்பாகிவிடும், சிவப்பு கசப்பும் துவர்ப்புமாக நிற்கும். இனிப்புப் பண்டத்தோடு வரும் ஒயின் அந்தப் பண்டத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இந்த ஒரு துளியில் விளங்கிவிடும்.

மத்தி மீனைச் சாப்பிட்டுவிட்டு மெதொக்கைப் பருகினால் இரும்பை நக்கியதுபோன்ற, மீன் நாற்றம் கலந்த ஒரு சுவை எழும். வெகுகாலம் டானின்மேல்தான் பழி போட்டார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு, ஒயினில் உள்ள இரும்புச்சத்தே காரணம் என்று காட்டியது. மீனில் உள்ள கொழுப்போடு இரும்பு வினைபுரிந்து அந்த நாற்றத்தை எழுப்புகிறது. சிவப்பு ஒயின்களில் இரும்பு கூடுதலாக இருப்பது வழக்கம், ஆனால் எல்லாச் சிவப்பும் அப்படியில்லை. சில சிவப்புகள் மீனோடு ஒத்துப்போவதற்கும் சில வெள்ளைகள் ஒத்துப்போகாததற்கும் இதில் விடை இருக்கிறது.

மிளகாயைக் கடைசியாக வையுங்கள். காரத்தின்மேல் ஆல்கஹால் விழுந்தால் எரிச்சல் கூடும். துவர்ப்பும் சேர்ந்தால் வாய் ரணமாகும். இந்த ஒன்றை நேரில் உணர்ந்தவர் அப்புறம் காரக் குழம்புக்குக் கனமான சிவப்பைத் திறக்க மாட்டார்.

உணவிடம் கேட்க வேண்டியவை

தட்டில் தெரிந்துகொண்டதை இனிச் சமையலுக்குப் பொருத்தலாம். நான் முதலில் கேட்பது புளிப்பை. தக்காளி, எலுமிச்சை, தயிர் ஏதாவது தூக்கலாக இருக்கிறதா? இருந்தால் ஒயினும் புளிப்புள்ளதாக இருக்க வேண்டும். சிவப்பா வெள்ளையா என்பது இரண்டாவது. எலுமிச்சை பிழிந்த மீனுக்கு லுவார் பகுதியின் சான்செர் வெள்ளை, அதன் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதே லுவாரில் விளையும் தூரேன் சோவின்யோன். தக்காளிச் சாறில் புரண்ட பாஸ்தாவுக்கு இத்தாலியின் கியாந்தி. அதில் உள்ள சாஞ்சோவேஸே திராட்சை சிவப்பு வகைகளில் நல்ல புளிப்புள்ளது, அதனால்தான் தக்காளியோடு இவ்வளவு இணக்கம்.

அடுத்து கொழுப்பும் இறைச்சியின் கெட்டித்தன்மையும். தணலில் வாட்டிய மாட்டிறைச்சி, வாத்துக்கால் வறுவல், ஆட்டுத்தொடை ஆகியவைதான் துவர்ப்பான சிவப்புக்கு ஏற்ற இடம். போர்தோவில் ஆட்டிறைச்சியோடு மெதொக்கைக் குடிப்பதும், தென்மேற்கில் வாத்தோடு மதிரான், காவோர் போன்ற கறுத்த ஒயின்களைக் குடிப்பதும் இதனால்தான். மதிரானின் முக்கியத் திராட்சையின் பெயர் தன்னா. இளசாக இருக்கும்போது தனியாகக் குடித்தால் முகம் சுளிக்கவைக்கும். வாத்துக் கொழுப்போடு குடித்துப் பார்த்தால்தான் அந்த ஊர்க்காரர்கள் அதை ஏன் விடவில்லை என்பது புரியும்.

மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சி வேறு ரகம். அதில் இறைச்சி நார்நாராகப் பிரிந்திருக்கும், குழம்பில் ஒயினும் காளானும் இருக்கும். அதற்கு மெதொக் முரட்டுத்தனமாகப் படும். பினோ நுவார் என்ற மெல்லிய சிவப்பு பொருந்தும். பர்கண்டி பினோ நுவார் விலை கூடியது என்பதால் அதற்குத் தெற்கே பொஜொலேயில் விளையும் கமே திராட்சை ஒயினைச் சிபாரிசு செய்வேன். 1395-ல் பர்கண்டி ஆட்சியாளர் பிலிப் தம் நிலத்தில் கமே கொடியை வைக்கக் கூடாது என்று ஆணையிட்டார். தரக்குறைவான கொடி என்பது அவர் தீர்ப்பு. பொஜொலேயின் மோர்கோன், ஃப்ளூரி போன்ற கிராமப் பெயர் தாங்கிய பாட்டில்களைக் குடித்த எவரும் அந்தத் தீர்ப்பை ஏற்க மாட்டார்கள். புதியவர் ஒருவர் ஒரே ஒரு சிவப்பை வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்றால் அது கமேயாக இருக்கட்டும். துவர்ப்பு குறைவு, புளிப்பு போதுமானது. கோழி வறுவலுக்கும் குளிர்ந்த இறைச்சித் துண்டுகளுக்கும் காளானுக்கும் பருப்புக்கும் ஒத்துப்போகும்.

கிரீம், வெண்ணெய் சேர்ந்த உணவுக்கு ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின். கன்றிறைச்சியைக் கிரீமில் வேகவைக்கும் பிளாங்கெத்துக்கு மாகோன் பகுதியின் ஷார்டொனே பொருத்தம். ஓக் பீப்பாயில் வைத்த கனமான ஷார்டொனேயை இறால், சிங்கி இறாலை வெண்ணெயில் வதக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே ஷார்டொனே ஷப்லியில் விளையும்போது ஒல்லியாக, கூர்மையாக வருகிறது. ஷப்லி மண்ணில் சிப்பிகளின் புதைபடிவங்கள் நிறைந்திருப்பது உண்மை. அதனால்தான் அந்த ஒயின் சிப்பியோடு சேருகிறது என்று விற்பவர்கள் சொல்வார்கள், அதை நான் ஏற்பதில்லை. புளிப்பான ஒயின் உப்பான சிப்பியோடு சேருகிறது, அவ்வளவுதான். அத்தகைய மண் இல்லாத முஸ்காதே பாதி விலையில் அதே வேலையைச் செய்கிறது.

கனம் என்ற ஒன்றும் உண்டு. மெல்லிய உணவுக்கு மெல்லிய ஒயின், அடர்ந்த உணவுக்கு அடர்ந்த ஒயின். ஆவியில் வேகவைத்த மீனின்மேல் ஓக் ஷார்டொனேயை ஊற்றினால் மீன் காணாமல் போய்விடும். இது பொது அறிவுக்கு எட்டுவதால் நீட்ட வேண்டியதில்லை.

சில உணவுகள் எந்த ஒயினுக்கும் அடங்காதவை. கூனைப்பூ என்று நாம் சொல்லும் ஆர்ட்டிசோக் சாப்பிட்டபின் குடிப்பதெல்லாம் விநோதமான இனிப்பாகத் தெரியும். வினிகர் தூக்கலான சாலடும் அரைவேக்காட்டு முட்டையும் அப்படித்தான். அந்த நேரத்தில் தண்ணீர் குடியுங்கள். சாக்லேட்டுக்குச் சாதாரணச் சிவப்பு ஒயினை நீட்டுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காத ஒன்று. ஸ்பெயின் எல்லையருகே விளையும் பான்யூல்ஸ் என்ற இனிப்புச் சிவப்புதான் அதற்குத் தோழன்.

சீஸுக்குச் சிவப்பு என்ற பழக்கம்

விருந்தின் முடிவில் சீஸ் தட்டு வரும்போது மிச்சமிருக்கும் சிவப்பு ஒயினோடு அதைத் தொடர்வது பிரெஞ்சு வீடுகளில் ஊறிய வழக்கம். மரியாதையோடு மறுக்கிறேன். பெரும்பாலான சீஸுக்கு வெள்ளைதான் பொருந்துகிறது. பஞ்சுபோல் மென்மையான, பழுத்த சீஸ்கள் துவர்ப்பான சிவப்பைக் கசக்கவைத்துவிடும். சீஸும் வாயில் சுண்ணாம்பாகத் தங்கும்.

ஒரே ஊரில் விளைந்தவற்றை ஜோடி சேர்த்துப் பாருங்கள். சான்செருக்குப் பக்கத்துக் கிராமம் ஷவின்யோல். அங்கே செய்யும் சின்ன உருண்டை ஆட்டுப்பால் சீஸின் புளிப்பும் சான்செர் வெள்ளையின் புளிப்பும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. ஜூரா மலைப்பகுதியின் கோம்தேக்கு அங்கேயே விளையும் வான் ஜோன், ‘மஞ்சள் ஒயின்’. ஆறாண்டுக்கு மேல் பீப்பாயில் கிடந்து, முந்திரி, அக்ரூட் பருப்பின் வாசனையோடு வரும் அது 62 சென்டிலிட்டர் பாட்டிலில்தான் விற்கப்படுகிறது. விலை அதிகம்தான், ஆனாலும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது முதிர்ந்த கோம்தேயோடு அதைச் சுவைத்துவிட வேண்டும். அல்சாஸின் நெடியடிக்கும் முன்ஸ்டெருக்கு அந்த ஊர் வெள்ளை ஒயினான கெவுர்ஸ்ட்ரமினர். நார்மண்டியின் கமம்பேருக்கு ஒயினே வேண்டாம், அந்த ஊர் ஆப்பிள் சைடர் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலானது ரோக்ஃபோரும் சோத்தேர்னும். ரோக்ஃபோர் செம்மறிப் பாலில் செய்த நீலப் பூஞ்சை சீஸ். உப்பு அதிகம், காரமாகவே இருக்கும். சோத்தேர்ன் போர்தோவின் இனிப்பு வெள்ளை. பூஞ்சை படிந்து கொடியிலேயே சுருங்கிய திராட்சையிலிருந்து வருவது. பட்டாணி அளவு சீஸை நாக்கில் வைத்து அது கரையத் தொடங்கும்போது ஒரு சிறு மிடறு பருகுங்கள். உப்பு இனிப்பைக் குறைக்க, இனிப்பு உப்பைக் குறைக்க, சீஸின் பால்மணம் தனியாகப் பிரிந்து தெரியும். அரை பாட்டிலாகவும் சோத்தேர்ன் கிடைக்கும், எட்டுப் பேருக்கு அதுவே போதும்.

நம் வீட்டுச் சமையலோடு

காரத்துக்கு என்ன செய்வது என்று கேட்டால் எல்லாரும் கெவுர்ஸ்ட்ரமினரைக் கைகாட்டுவார்கள், வாசனை மசாலா போன்றது என்பதால். என் தேர்வு அது அல்ல. அதில் ஆல்கஹால் பெரும்பாலும் 13 விழுக்காட்டைத் தாண்டும், புளிப்பும் குறைவு. மிளகாயோடு சேர்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். லேசான இனிப்பும் நல்ல புளிப்பும் குறைந்த ஆல்கஹாலும் உள்ள வெள்ளையைத் தேடுங்கள். ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்கில் ‘கபினெட்’ என்று எழுதிய பாட்டில்கள் பல 8, 9 விழுக்காட்டிலேயே கிடைக்கும். ‘ட்ரோக்கன்’ என்று எழுதியிருந்தால் அதில் இனிப்பு இருக்காது, கவனியுங்கள். பிரான்சிலேயே வேண்டுமென்றால் லுவாரின் வூவ்ரே, ‘தெமி-செக்’ என்று குறித்தது. அதன் திராட்சை ஷெனின் பிளான். இந்தியாவில் நாசிக்கில் விளைவிக்கும் வெள்ளை வகைகளிலும் ஷெனின் பிளான் முக்கியமானது. அதில் இனிப்பு எஞ்சிய பாட்டில்கள் கிடைக்கின்றன, அவை நம் உணவுக்குத் தோதானவை.

தேங்காய்ப்பால் சேர்த்த சொதி, மிதமான கோழிக் குருமா, இடியாப்பத்தோடு வரும் வெள்ளைக் குழம்பு எல்லாவற்றுக்கும் இந்த வூவ்ரே நன்றாகவே பொருந்தும். மீன் வறுவல், வாழைக்காய் பஜ்ஜி, உளுந்து வடை போன்று எண்ணெயில் பொரித்தவற்றுக்கு நுரைக்கும் ஒயின்: ஷாம்பேன் தேவையில்லை, அதே முறையில் மற்றப் பகுதிகளில் செய்யும் ‘க்ரெமான்’ மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பும் நுரையும் துடைத்துவிடுகின்றன.

மிளகு போட்டு வறட்டிய ஆட்டுக்கறிக்கு மட்டும் சிவப்பைப் பரிந்துரைப்பேன், அதுவும் சிரா என்ற திராட்சையில் செய்தது. ரோன் நதியின் வடபகுதியில் விளையும் க்ரோஸ் எர்மித்தாஜைத் திறந்து முகர்ந்தால் பல பாட்டில்களில் மிளகு வாசனை அடிக்கும். 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதன் காரணத்தைக் கண்டார்கள்: மிளகுக்கு அதன் வாசனையைத் தரும் ரோட்டண்டோன் என்ற அதே சேர்மம் சிரா திராட்சையின் தோலிலும் இருக்கிறது. கறியில் மிளகாய்த்தூளைக் குறைத்து மிளகைக் கூட்டிச் சமைத்துப் பாருங்கள்.

புளி கரைத்த மீன் குழம்புக்கு நல்ல ஒயின் எதுவும் என்னிடம் இல்லை. அந்தப் புளிப்புக்கும் காரத்துக்கும் மேலே எதை ஊற்றினாலும் ஒயின் தோற்கும். அந்தச் சாப்பாட்டுக்கு மோரே சரி. உணவுக்கு முன்னால் ஒரு குவளை ஒயினைக் குடித்து முடித்துவிட்டுப் பிறகு குழம்பில் கை வையுங்கள்.

கடையில் நிற்கும்போது

பிரெஞ்சு லேபிள் புதியவரை மிரட்டுவதற்குக் காரணம், அதில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்காது, ஊரின் பெயர்தான் இருக்கும். 1935-ல் சட்டமாகிய விளைநிலப் பெயர் முறை அது: எந்த ஊரில், எந்தத் திராட்சையில், எப்படிச் செய்தால் அந்தப் பெயரைப் போடலாம் என்று விதித்திருக்கிறார்கள். எனவே சில ஊர்களைத் திராட்சையோடு நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஷப்லி என்றால் ஷார்டொனே. சான்செர் வெள்ளை என்றால் சோவின்யோன். வூவ்ரே என்றால் ஷெனின். பொஜொலே சிவப்பு என்றால் கமே. பர்கண்டிச் சிவப்பு என்றால் பெரும்பாலும் பினோ நுவார். க்ரோஸ் எர்மித்தாஜ் சிவப்பு என்றால் சிரா. அல்சாஸில் பெரும்பாலும் திராட்சையின் பெயரையே எழுதுவார்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஆல்கஹால் விழுக்காடு: 12.5-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் மெல்லியது, 14 என்றால் கனமும் சூடும் இருக்கும். மற்றது இனிப்பு: ‘செக்’ என்றால் இனிப்பு இல்லை, ‘தெமி-செக்’ லேசான இனிப்பு, ‘முவலு’ நல்ல இனிப்பு, ‘தூ’ முழு இனிப்பு. ஷாம்பேன், க்ரெமான் பாட்டில்களில் இந்தச் சொற்களின் அளவுகோல் வேறு. அங்கே ‘ப்ரூட்’ என்று இருப்பதை வாங்குங்கள், ‘செக்’ என்று போட்டதில் இனிப்பு தெரியும். தங்க நிறப் பதக்க ஸ்டிக்கர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

செப்டம்பரில் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் சந்தை நடக்கும். அப்போது விலை இறங்கும், ஆனால் ஆலோசனை சொல்ல ஆள் இருக்க மாட்டார். கற்றுக்கொள்ளும் காலத்தில் தனி ஒயின் கடைக்குப் போவதே நல்லது. அந்தக் கடைக்காரரைக் ‘காவிஸ்த்’ என்பார்கள். ‘நல்ல ஒயின் ஒன்று கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். ‘கோழியைக் கிரீமிலும் காளானிலும் சமைக்கிறேன், ஆறு பேர், பாட்டிலுக்குப் பத்து யூரோவுக்குமேல் போகாது’ என்று சொல்லுங்கள். பிரெஞ்சு தடுமாறினாலும் பரவாயில்லை. என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டு முகம் மலராத காவிஸ்த் அபூர்வம். விலையைச் சொல்லத் தயங்க வேண்டாம், அது அங்கே வெட்கப்படும் விஷயமே அல்ல.

ஊற்றும்போது

நல்ல ஒயினைக் கெடுப்பதில் முதலிடம் வெப்பநிலைக்கு. சிவப்பை ‘அறை வெப்பநிலையில்’ கொடு என்பது ஹீட்டர் இல்லாத காலத்துக் குளிர் வீடுகளில் உருவான பேச்சு. இன்றைய 21, 22 டிகிரி வீட்டில் அது சூடு. சென்னையின் 32 டிகிரியில் கேட்கவே வேண்டாம், ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். கனமான சிவப்பு 16 முதல் 18 டிகிரி, கமே போன்ற மெல்லிய சிவப்பு 12 முதல் 14, வெள்ளை 8 முதல் 12. பிரிட்ஜின் உட்புறம் 4, 5 டிகிரி. ஆகவே சிவப்பை அரை மணி நேரம் உள்ளே வையுங்கள், வெள்ளையைக் கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். கொடும் குளிரில் வெள்ளையின் வாசனை முடங்கிவிடும், துவர்ப்பான சிவப்பு இன்னும் துவர்க்கும். குவளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். வாசனை தங்க இடம் வேண்டும். இரண்டு மூன்று ஒயின் இருந்தால் மெல்லியது முன்னே, கனமானது பின்னே, இனிப்பு கடைசியில்.

உணவகத்தில் பாட்டில் கேட்டால் லேபிளைக் காட்டிவிட்டுக் கொஞ்சம் ஊற்றிக் காத்திருப்பார்கள். பிடித்திருக்கிறதா என்ற கேள்வி அல்ல அது. கெட்டுப்போயிருக்கிறதா என்ற கேள்வி. முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த நிலவறை வாசனை வந்தால் கார்க்கிலிருந்து கிளம்பும் ஒரு சேர்மம் ஒயினைக் கெடுத்திருக்கிறது. ‘புஷொனே’ என்று சொன்னால் மாற்றித் தருவார்கள், தயங்க வேண்டியதில்லை. ஆளாளுக்கு வெவ்வேறு உணவு சொல்லியிருந்தால் பாட்டிலுக்குப் பதில் குவளைக் கணக்கில் கேளுங்கள். குழாய்த் தண்ணீர்க் குடுவைக்குப் பிரெஞ்சு உணவகங்களில் காசு கிடையாது. அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பற்றிப் பிரெஞ்சுப் பொதுச் சுகாதார நிறுவனம் 2017 முதல் சொல்வது: நாளுக்கு அதிகபட்சம் இரண்டு குவளை, தினமும் கூடாது, வாரத்துக்குப் பத்துக்கு மேல் போகக் கூடாது. அவர்கள் சொல்லும் குவளை 12 விழுக்காட்டு ஒயினில் வெறும் 10 சென்டிலிட்டர். ஒரு பாட்டிலில் அப்படி ஏழரைக் குவளை உண்டு, வீட்டில் நாம் ஊற்றுவது பெரும்பாலும் ஒன்றரைக் குவளை. கர்ப்பிணிகளுக்கு ஒரு துளியும் வேண்டாம். தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். கார் ஓட்டுகிறவர்களுக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு, புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கு 0.2 கிராம்தான், ஒரு குவளையே அதைத் தாண்டவைக்கலாம். ஓட்டப் போகிறவருக்கு ஊற்றாதீர்கள், ‘ஒரு வாய்தானே’ என்று வற்புறுத்தவும் வேண்டாம்.

மிஞ்சியதை மூடி பிரிட்ஜில் வையுங்கள், சிவப்பையும்தான். மூன்று நாள் வரை குடிக்கலாம். நுரைக்கும் ஒயின் மறுநாளே தளர்ந்துவிடும், சோத்தேர்ன் போன்ற இனிப்பு வகை ஒரு வாரமும் தாங்கும். அதற்குப் பிறகும் மீந்ததைக் கொட்ட வேண்டாம். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொண்டால், அடுத்த முறை காளான் வதக்கும்போது இரண்டு கட்டி வெள்ளை, மாட்டிறைச்சி வேகும்போது நான்கு கட்டி சிவப்பு என்று எடுத்துப் போடலாம்.